வசனம் சரி

அவளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. வவுனியாவில் அரசாங்க வேலை. தலையில் பாதி முடி மிச்சம். பேச்சு மட்டும் கொஞ்சம் கூடுதல். ஸ்கந்தபுரத்தில் அவளுடைய வீட்டு விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்து, ஒரு கையில் வடையும் மறு கையில் தேநீருமாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"நீங்கள் சமைச்சுத் தந்தா நஞ்செண்டாலும் நான் சாப்பிடுவன்."

உள்ளேயிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "வசனம் சரி. வேற ஏதாவது சொல்லப் போறீங்களோ?" என்று கேட்டாள். மாப்பிள்ளை கடித்த வடையைத் தட்டில் வைத்தார். தேநீரில் பாதியை அப்படியே வைத்துவிட்டுப் போனார். தோழி என்ற முறையில் அன்று பலகாரத் தட்டு ஏந்தியவள் நான். மிஞ்சிய வடைகளை, மல்லாவியில் நாங்கள் தங்கியிருந்த அறைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் வைத்து நாங்கள் இருவருமே தின்று முடித்தோம்.

வசனம் சரி. அவளுடைய வாயில் எந்நேரமும் கிடந்த சொல் இதுதான். உண்மையா பொய்யா, நல்லதா கெட்டதா என்பதெல்லாம் அவளுக்கு வேறு பாடம். அந்தப் பாடத்துக்கு அவள் பதியவே இல்லை.

கம்பஸில் அவள் கணினி படித்தவள். அங்கே ஒரு பாடம் இருந்ததாம். சில குறிகளை எடுத்துக்கொள்வார்கள். அவற்றை எப்படி வரிசையாக, ஒரு சரமாக, அடுக்கலாம் என்று விதி எழுதுவார்கள். விதிப்படி அடுக்கியது வசனம். மற்றதெல்லாம் குப்பை. அந்த வசனம் என்ன சொல்கிறது என்று மட்டும் யாரும் கேட்கக்கூடாது. மற்றப் பிள்ளைகள் சோதனைக்குப் பாடமாக்கி, சோதனை முடிந்த பின்னேரமே மறந்துபோன அந்த விசயம் இவளுக்கு மட்டும் பேய் மாதிரிப் பிடித்துக்கொண்டது. நான் கலைப்பிரிவில் தமிழ் படித்தவள். பொருள் கேட்காத மொழி என்பது எனக்கு மீன் போடாத மீன்குழம்பு. முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவளுக்கு வாயைத் திறந்தால் மீன்தான் வரும், மன்னித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருவரும் மல்லாவியில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்கார அக்கா நல்ல மனுசி. ஒரு நாள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக் கொடியில் போடும்போது, அவள் தன்னுடைய பாடத்தை எங்கள் இருவருக்கும் படிப்பிக்க வெளிக்கிட்டாள். நாங்கள் கேட்கவில்லை. அவள் கேட்காமலே சொல்லுவாள்.

"சட்டை, பாவாடை, துவாய். இது ஒரு சரம். இப்ப மற்றப் பக்கத்தில நிண்டு பாருங்கோ. துவாய், பாவாடை, சட்டை. அதே உடுப்பு, ஆனா வேற சரம்."

"அதே ஊத்தைதான்" என்றாள் வீட்டுக்கார அக்கா.

"அக்கான்ர கொடியை என்ர கொடியோட முடிஞ்சு விட்டா ஒட்டின சரம். என்ரது முன்னுக்கு வந்தா ஒண்டு. உங்கடது முன்னுக்கு வந்தா இன்னொண்டு."

"என்ர கொடியில கை வைச்சுப் பார், தெரியும்."

பின்னேரம் உடுப்பெல்லாம் காய்ந்து எடுத்த பிறகு, வெறுங்கொடியைக் காட்டி, இதுவும் ஒரு சரம்தான் என்றாள். அதில் ஒன்றுமே இல்லையேடி என்றேன். "ஒண்டுமில்லாததைத் தொங்கவிட ஒரு கொடி இருக்கெல்லே? அப்ப கணக்கில வரும். வெறுஞ்சரம். அதை எதோட ஒட்டினாலும் மற்றது மாறாது" என்றாள். நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் இப்படித்தான் வரும் என்று வீட்டுக்கார அக்கா என்னிடம் இரகசியமாகச் சொல்லிவிட்டு, அன்றிரவு அவளுக்கு மட்டும் ஒரு குழல் பிட்டு கூடுதலாக வைத்தாள். எனக்கும் விசர் பிடித்தால் என்ன என்று அப்போதுதான் முதல் தடவை நினைத்தேன்.

பஸ்ஸில் போனாலும் விடமாட்டாள். நடத்துநர் "மல்லாவி மல்லாவி மல்லாவி மல்லாவி" என்று தொண்டை கிழியக் கூவிக்கொண்டு வருவார். "பூச்சியம் தரமோ, அதுக்கு மேல எத்தினை தரமோ" என்பாள் அவள். என்னடி என்று கேட்டால், "அந்தச் சொல்லை எத்தினை தரம் திருப்பிச் சொன்னாலும் விதிக்குள்ளதான் நிக்கும். ஒருக்காலும் சொல்லாட்டிலும் நிக்கும். பஸ் எப்பிடியும் மல்லாவிக்குத்தானே போகும்?" நான் யன்னல் பக்கம் திரும்பி நித்திரை கொள்கிற மாதிரிக் கண்ணை மூடிக்கொள்வேன்.

இப்படிப்பட்ட ஒருத்திக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பகுதியில் நாலைந்து குளத்துத் தண்ணீரில் நெல் விதைக்கிற கமக்காரர் அமைப்புகள் ஒன்றாகச் சேர்ந்து கணக்கு வழக்குப் பார்க்க வைத்திருந்த ஒரு கந்தோர் கொடுத்தது. எனக்கும் அங்கேதான் வேலை. சனங்களோடு கதைப்பது நான், கணினியோடு கதைப்பது அவள். அமைப்புகளுக்குப் பொதுவாக ஒரு வெட்டு மெசின் இருந்தது. நெற்கதிரை வெட்டி, அடித்து, நெல்லைத் தனியாகக் கொட்டுகிற அந்தப் பெரிய மெசின்தான். காலபோக வெள்ளாமை விளைந்து முற்றுகிற நேரத்தில் அத்தனை பேருக்கும் அது ஒரே கிழமையில் வேண்டும். யாருக்கு முதல், யாருக்குப் பிறகு என்பதில்தான் வருசாவருசம் அடிபிடி.

அவள் வரும் வரை அந்த வரிசை தலைவருடைய தலைக்குள் இருந்தது. அமைப்புகளுக்கெல்லாம் பொதுவான அந்தத் தலைவர் கெட்டவர் இல்லை. அவருக்கு எல்லாம் விளங்கும், அதுதான் அவருடைய வியாதி. யார் போன் எடுத்தாலும், "ஓம் ஓம், உங்கட நிலைமை எனக்கு விளங்குது" என்பார். மச்சானுடைய நிலைமை முதலில் விளங்கும். கோயில் தர்மகர்த்தாவின் நிலைமை அடுத்ததாக விளங்கும். அவளுடைய அப்பாவின் நிலைமை கடைசியில் விளங்கும். அவளுடைய வீட்டார் மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து, காடு வெட்டி, கட்டை பிடுங்கி வயலாக்கிய ஆட்கள். இரண்டு தலைமுறை இங்கே உழுது விதைத்த பிறகும் சிலருடைய வாயில் அவர்கள் இன்னும் "இந்தியாக்காரர்"தான். இதை யாரும் கூட்டத்தில் சொல்வதில்லை. வரிசையில் மட்டும் தெரியும்.

அவள் வந்து ஒரு ஏற்பாடு செய்தாள். கமக்காரர் போனில் ஒரு குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். முதலில் "வெட்டு" என்ற சொல். பிறகு வாய்க்கால் இலக்கம். பிறகு எத்தனை ஏக்கர். "வெட்டு 4 3" என்றால் நாலாம் வாய்க்காலில் மூன்று ஏக்கர். வந்த ஒழுங்கில் வரிசை. முன்னுக்கு ஒன்றும் வரக்கூடாது, பின்னுக்கு ஒன்றும் வரக்கூடாது. விதிக்குள் இருந்தால் கந்தோரிலிருக்கும் அவளுடைய கணினி மெசின் "ஏற்கப்பட்டது" என்று இலக்கத்தோடு பதில் அனுப்பும். இல்லாவிட்டால் "ஏற்கப்படவில்லை". அவ்வளவுதான். இதைவிடச் சுலபமான மொழி உலகத்தில் இல்லை என்று அவள் சொன்னாள். எங்கள் சனங்களைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முதல் நாளே தொடங்கியது. "ஐயா வணக்கம், நான் சுகம், நீங்கள் சுகமோ, பேரப்பிள்ளை நடக்கத் தொடங்கிட்டானோ, வெட்டு 4 3" என்று ஒருவர். ஏற்கப்படவில்லை. "3 4 வெட்டு" என்று ஒருவர். "திருப்பின சரம்!" என்று அவள் கைகொட்டிச் சிரித்தாள். ஏற்கப்படவில்லை. அவசரத்தைக் காட்ட "வெட்டு வெட்டு வெட்டு வெட்டு 2 5" என்று ஒருவர். கொலை செய்யச் சொல்கிறாரோ என்று நான் பயந்தேன். ஏற்கப்படவில்லை. ஒருவர் வெறும் செய்தி அனுப்பினார், உள்ளே ஒரு எழுத்தும் இல்லை. "வெறுஞ்சரம்" என்று அவள் மரியாதையோடு சொன்னாள். அதுவும் ஏற்கப்படவில்லை. ஏன் ஏற்கவில்லை என்று கேட்டு அனுப்பினார்கள். ஏற்கப்படவில்லை. தூசணத்தில் ஏசி அனுப்பினார்கள். ஏற்கப்படவில்லை. ஒரு வயது போன மனுசன் எல்லாம் சரியாக அனுப்பி, இலக்கமும் கிடைத்து, சந்தோசத்தில் "நன்றி பிள்ளை" என்று அனுப்பினார். அதற்கும் அதே பதில்தான் போனது. அவர் கந்தோருக்கு வந்து, நான் என்ன பிழை விட்டேன் என்று கண் கலங்கக் கேட்டபோது, சனங்களோடு கதைக்கும் வேலைக்கு ஏன் வந்தேன் என்றிருந்தது எனக்கு.

தலைவருடைய மச்சான் அவளுடைய மெசினை மடக்க ஒரு வேலை பார்த்தார். "வெட்டு 9 2" என்று அனுப்பினார். எங்கள் பக்கத்தில் ஒன்பதாம் வாய்க்கால் என்று ஒன்று இல்லவே இல்லை. மெசின் யோசிக்காமல் ஏற்றுக்கொண்டது. வெட்டு மெசின் ஓட்டுகிற அண்ணன் இலக்கத்தை வாங்கிக்கொண்டு புறப்பட்டு, வாய்க்கால் வாய்க்காலாகத் தேடி, கடைசியில் காட்டு ஓரத்தில் யானை லத்தியைக் கண்டு, மெசினைத் திருப்பிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் அவர் பேசியதை நான் இங்கே எழுத முடியாது. அடுத்த நாள் தலைவர் கந்தோருக்கு வந்து, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பிள்ளை, எங்களிட்ட ஒன்பதாம் வாய்க்கால் இல்லையெண்டு உன்ர மெசினுக்கு விளங்கேல்லையே?"

"அதுக்கு ஒண்டும் விளங்கத் தேவையில்லை ஐயா. வசனம் சரி. வாய்க்கால் இல்லாதது உங்கட பிழை. ஒண்டு வெட்டி விடுங்கோ."

தலைவரின் சிரிப்பு பாதியில் நின்றது. அன்றிலிருந்து மெசின் ஓட்டுகிற அண்ணன் புறப்படுமுன் எனக்கு ஒரு போன் எடுத்து, வாய்க்கால் இருக்கோ தங்கச்சி என்று கேட்டுவிட்டுத்தான் போவார். அவளோ தன்னுடைய விதியில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. இருக்கிற வாய்க்கால், இல்லாத வாய்க்கால் என்று பார்க்க வெளிக்கிட்டால், பிறகு நல்ல வாய்க்கால், கெட்ட வாய்க்கால் என்று பார்க்கச் சொல்வார்கள் என்றாள். எனக்கு அவளில் பயங்கர எரிச்சல். அதேநேரம் அந்தத் தலைவருடைய முகத்தை நினைக்க நினைக்க வயிறு நோகச் சிரிப்பு வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

பிறகு வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானொலி சொல்லத் தொடங்கியது. காலம் தப்பிய மழை. முற்றிய கதிர் மழையில் படுத்தால், நின்ற நிலையிலேயே நெல் முளைத்துவிடும். சேற்றில் வெட்டு மெசின் இறங்காது. எல்லோரும் ஒரேயடியாகச் செய்தி அனுப்பினார்கள். கந்தோர் வாசலில் சனம். போன் விடாமல் அடித்த மணியம். வரிசை அனுமார் வால் மாதிரி நீண்டுகொண்டே போனது.

அந்தச் சனத்துக்குள் ஒருவர் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தள்ளுப்படாமல், தன்னுடைய முறை வரும் வரை நின்றார். முறை வந்ததும் அவளுடைய மேசைக்கு முன்னால் வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"மிஸ், நான் முதல் நாள்லேருந்து அனுப்பிக்கிட்டு இருக்கேன். எடுக்க மாட்டேங்குது."

அவளுடைய அப்பா. சொந்த மகளை மிஸ் என்றார். பஸ்ஸில் ஸ்கந்தபுரத்திலிருந்து வந்திருந்தார். அவ்வளவு நாளும் வீட்டுக்குப் போன் எடுத்த மகளிடம் இதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. மகள் கந்தோரில் இருக்கிறாள் என்பதற்காகத் தான் முன்னுக்குப் போகக்கூடாது என்பது அவருடைய விதி. அந்தக் குடும்பத்தில் விதி எங்கிருந்து வருகிறது என்று எனக்கு அப்போது விளங்கியது.

"போனைக் காட்டுங்கோ ஐயா" என்றாள் அவள். சொந்த அப்பாவை ஐயா என்றாள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

போனில் வரிசையாக அவர் அனுப்பிய செய்திகள் இருந்தன. எல்லாம் ஒரே மாதிரி. மேலே நடுவில் ஒரு "உ". அதன் கீழே அழகாக, "வெட்டு 2 2". ஒவ்வொரு நாள் காலையிலும் குளித்து, திருநீறு பூசி, பிள்ளையார் சுழி போட்டு அனுப்பியிருக்கிறார். ஒவ்வொரு நாளும் ஏற்கப்படவில்லை; தள்ளுப்பட்ட செய்திக் குவியலுக்குள் அது எங்கள் கண்ணில் படவே இல்லை. இன்னும் பக்தி காணாது என்று நினைத்து, கடைசி இரண்டு மூன்றில் "உ உ உ" என்று போட்டிருந்தார்.

"மேல இருக்கிற உ-வை எடுத்துப்போட்டு அனுப்புங்கோ" என்றாள்.

"அது புள்ளையார் சுழி மிஸ்."

"எனக்குத் தெரியும். மெசினுக்குத் தெரியாது. முன்னுக்கு ஒண்டும் வரேலாது."

"சுழி போடாம ஒரு வரி நான் எழுதுனதில்ல. கடைக்கிச் சாமான் எழுதினாலும் போட்டுத்தான் எழுதுவேன். வெள்ளாமைக்கு எழுதுறப்ப எடுன்னா எப்படி எடுப்பேன்?"

பின்னுக்கு நின்றவர்களில் பாதிப் பேர் தங்களுடைய போன்களை எடுத்துப் பார்த்தார்கள். பிறகுதான் விசயம் வெளியில் வந்தது. அவர்களில் கனபேர் சுழி போட்டிருந்தார்கள். நெடுங்கேணிப் பக்கமிருந்து வந்து காணி செய்கிற ஒரு கத்தோலிக்க அண்ணர் மேலே சிலுவை போட்டிருந்தார். எங்கள் அம்மாவும் மீன் கணக்கு எழுதுகிற சிகரெட் பெட்டி மட்டையில்கூட மேலே சிலுவை போடுவார், அதனால் எனக்கு அவருடைய நியாயம் உடனே விளங்கியது. ஒரு முஸ்லிம் ஐயா 786 என்று போட்டிருந்தார். தலையில் ஒன்றும் போடாமல் அனுப்பிய ஆட்கள்தான் ஏற்கப்பட்டிருந்தார்கள். தலைவருடைய மச்சானுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை.

"பிள்ளையாரையே தள்ளி விட்ட மெசினடா இது" என்று யாரோ சத்தம் போட்டார்கள். சத்தம் கேட்டுத் தலைவர் வந்தார். நிலைமையைப் பார்த்தார். அவருக்கு விளங்கியது.

"பிள்ளை, உன்ர அப்பாதானே? எனக்கு விளங்குது. அவரை மட்டும் ஒருக்கா முன்னுக்குப் போட்டு விடன். ஆர் கேக்கப் போகினம்?"

அவள் எழும்பினாள். முகம் கறுத்துப் போயிருந்தது. "இண்டைக்கு விதியை மாத்துறன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். "முன்னுக்கு உ வரலாம். சிலுவை வரலாம். எழுநூற்று எண்பத்தாறு வரலாம். பூச்சியம் தரமோ, எத்தினை தரமோ. போடாத ஆக்கள் போடாமலே அனுப்பலாம். தள்ளுப்பட்ட ஆக்கள் எல்லாரும் திருப்பி அனுப்புங்கோ. இனி வாற ஒழுங்கிலதான் வரிசை."

அப்படியென்றால் ஏற்கெனவே அனுப்பித் தள்ளுப்பட்டவர்கள்? இலக்கம் கிடைத்தவர்களுக்குப் பிறகு, கடைசியில்தான். அவளுடைய அப்பாவும் கடைசியில்தான். அவர் போனை எடுத்து, கண்ணாடியை மூக்கில் இறக்கி, நின்ற இடத்திலேயே சுழி போட்டு அனுப்பினார். மெசின் இலக்கம் கொடுத்தது. பெரிய இலக்கம். "தேங்ஸ் மிஸ்" என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

நான் அவளை இழுத்துக்கொண்டு முன்னாலிருந்த தேநீர்க் கடைக்குப் போனேன். எனக்கு அவளில் வந்த கோபத்துக்கு அளவில்லை.

"அவர் முதல் நாளே அனுப்பினவரடி. அந்த நேரத்தைப் பார்த்து வரிசையில போட்டா என்ன குறைஞ்சிடும்?"

"அண்டைக்கு அது வசனமில்லை."

"நீ கல்லு."

அவள் தேநீரைக் கிளாஸில் சுழற்றினாள். பிறகு சொன்னாள்: "சின்னனில அப்பாவோட தலைவற்ற கேற்றடியில போய் நிக்கிறனான். ஒவ்வொரு போகத்துக்கும். உள்ளுக்கு வாங்கோ எண்டு கேக்க மாட்டினம். அவர் வெளியில வந்து, உம்மட நிலைமை எனக்கு விளங்குது எண்டுவார். வருசாவருசம் விளங்கினது. வருசாவருசம் நாங்கள் கடைசி. ஆர் வாறது, ஆற்ற பிள்ளை, எந்த ஊர் எண்டு ஒண்டுமே விளங்காத சாமான் ஒண்டு வேணுமெண்டு அப்பவே நினைச்சனான். கம்பஸில அந்தப் பாடத்தை முதல் முதல் படிப்பிக்கேக்க, எனக்கு அழுகை வந்திட்டுதடி. மற்றப் பிள்ளையள் எல்லாம் நித்திரை."

"அதுக்கு உன்ர அப்பான்ர நெல்லு போகலாமோ?"

"போகக்கூடாதுதான்" என்றாள். "ஆனா அவரை இண்டைக்கு முன்னுக்கு விட்டா, நானும் கேற்றடியில வந்து நிண்டு விளங்குது எண்டு சொல்லுற ஆளாப் போயிடுவன்."

தேநீர் ஆறிப் போயிருந்தது, நான் அதைக் குடித்து முடித்தேன்.

அவருடைய முறை வருமுன் மழை வந்துவிட்டது. விடாமல் பெய்தது. விட்ட பிறகு நானும் அவளும் ஸ்கந்தபுரத்துக்குப் போனோம். இரண்டாம் வாய்க்கால் பக்கம் வயலெல்லாம் பாய் விரித்த மாதிரிக் கதிர் படுத்திருந்தது. மெசின் ஓட்டுகிற அண்ணன் வந்து, வரம்பில் நின்று பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார். இனி தாக்கத்தி எடுத்துக் கையால் வெட்டி, மேட்டில் கொண்டுவந்து காயப்போட்டால் பாதியாவது மிஞ்சும். அவளுடைய அப்பா, அம்மா, அயலில் நாலு பேர், நாங்கள் இருவர். நான் வாழ்க்கையில் வலை இழுத்திருக்கிறேன், தாக்கத்தி பிடித்ததில்லை. முழங்கால் சேற்றில் நின்று நான் வெட்டிய அழகைப் பார்த்து, ஒரு கிழவி என்னைக் கரையில் ஏற்றி, தேநீர் ஊற்றுகிற வேலையைத் தந்தாள்.

அவள் வெட்டினாள். சரம் இல்லை, வசனம் இல்லை. அப்பாவின் முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை.

தேநீர் கொண்டு போனபோது, அயல் மனுசன் ஒருவர் அவளுடைய அப்பாவிடம் வாய் விட்டார். மகள் உள்ளே இருந்தும் உங்களைக் கடைசியில் விட்டுவிட்டாளே என்றார். அவள் குனிந்த தலை நிமிரவில்லை, ஆனால் தாக்கத்தி நின்றது. அவளுடைய அப்பா நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கிளாஸை வாங்கினார்.

"வருசாவருசம் நான் கடைசிதான்யா. அப்பல்லாம் ஆளப் பாத்துக் கடைசி. இந்தத் தடவதான் வரிசப்படி கடைசி." ஒரு மிடறு குடித்தார். "இதுல எனக்கு வருத்தமில்ல. எனக்கு முன்னுக்கு நின்னவன் யாருன்னு கேட்டேன். அவனும் என்னப் போல சுழி போட்டுத் தள்ளுப்பட்டவன்தான்."

அவள் வசனம் சரி என்று சொல்லுவாள் என்று நான் காத்திருந்தேன். சொல்லவில்லை. சேற்றுக் கையால் முகத்தைத் துடைத்தாள். முகமெல்லாம் சேறு. பிறகு வெட்டத் தொடங்கினாள், முன்னைவிட வேகமாக.

அடுத்த போகத்தில் அவளுடைய அப்பாவின் செய்தி முதல் ஆளாக வந்தது, சுழியோடு. அதற்குப் பிறகு அவள் கொழும்பில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அங்கே ஒரு மாப்பிள்ளையும் கிடைத்திருக்கிறாராம். பேசாத மனுசனாம். வெறுஞ்சரம் என்று போனில் சொல்லிச் சிரித்தாள். அந்த அறையில் இப்போது நான் தனியாக இருக்கிறேன், பஸ்ஸில் நடத்துநர் கூவும்போது பூச்சியம் தரமோ எத்தினை தரமோ என்று என்னுடைய வாய் தானாக முணுமுணுக்கிறது. அவளை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று அவள் இருந்தபோது ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அவள் எழுதிய விதி இன்னும் ஓடுகிறது. போன கிழமை அதை மாற்றுவதற்குக் கூட்டம் வைத்தார்கள். ஒரு கம்பெனியிலிருந்து சேர்ட்டைக் காற்சட்டைக்குள் விட்ட ஒரு பெடியன் வந்தான். புது ஏற்பாடாம். எப்படி எழுதினாலும் பரவாயில்லையாம், வாயால் கதைத்தாலும் போதுமாம், சுகம் விசாரித்தால் திருப்பிச் சுகம் விசாரிக்குமாம், எல்லாவற்றையும் விளங்கிக்கொள்ளுமாம். சனம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டது. முன் வரிசையில் இருந்த தலைவர், "விளங்குது, விளங்குது" என்று தலையாட்டினார். எனக்கும் ஆசைதான், உண்மையைச் சொன்னால். நன்றி சொன்ன கிழவருக்கு ஏற்கப்படவில்லை என்று பதில் போவதை இனி நான் பார்க்கத் தேவையில்லை.

பின்னுக்கிருந்து அவளுடைய அப்பா எழும்பினார். குடை கக்கத்தில்.

"தம்பி, ஒரு கேள்வி. அந்த மெசினுக்கு நான் யாருன்னு தெரியுமா?"

பெடியனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஓம் ஐயா! உங்கட பேர், ஊர், காணி, குடும்பம், எல்லா விவரமும் அதுக்குத் தெரியும். ஆளைப் பாத்துத்தான் பதில் சொல்லும்."

"அப்ப வேணாம்" என்று சொல்லிவிட்டு, அவர் உட்கார்ந்துவிட்டார்.